மதிலுக்கு வெளியே நின்ற மொழி

1838-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள், கார்பாத்திய மலையடியிலுள்ள பிராசோவு நகரில், உருமேனிய மொழியில் ஒரு கிழமை இதழ் வெளிவந்தது. அதனை அச்சிட்ட யோகான் கியோத்து என்பவர் செருமானியர். அந்நகரை ஆண்டோரும் செருமானிய வழியினரான சாக்சனியரே. அந்நகரை உள்ளடக்கிய திரான்சில்வேனியா நாடோ ஆப்சுபர்க்குப் பேரரசின் கீழ்க் கிடந்தது. அந்நாட்டின் சட்டத்திலோ உருமேனியர் என்றோர் இனமே இல்லை! இல்லாத இனத்திற்கு ஓர் இதழ் எதற்கு? ஆள்வோர்க்கு விளங்காத இவ்வினாவிற்கு விடையாகவே 'கசேத்தா தெ திரான்சில்வேனியா' என்னும் அவ்விதழ் ஏறத்தாழ நூறாண்டுக்கும் மேலாக நடந்து காட்டியது.

அந்நாட்டின் நிலையை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். திரான்சில்வேனிய மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் உருமேனியரே. ஏர் பிடித்தவரும், ஆடு மேய்த்தவரும், பெருநிலக்கிழார்க்கு அடிமைப்பட்டு உழைத்தவரும் பெரும்பாலும் அவர்களே. ஆயினும், 1437-இல் நிகழ்ந்த உழவர் கிளர்ச்சியை ஒடுக்குவதற்காக அங்கேரிய உயர்குடியினரும், செக்கெலியரும், சாக்சனியரும் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாளடைவில் அம்மூவரே நாட்டின் 'இனங்கள்' என்றாயினர். சமயங்களுள்ளும் நான்கே ஏற்கப்பட்டன. உருமேனியரின் கிழக்கத்திய மரபுச் சமயம் அந்நான்கனுள் ஒன்றன்று. அது 'பொறுத்துக்கொள்ளப்படும்' சமயம்! நிலத்தின் சொந்தக்காரன் தன் வீட்டுத் திண்ணையில் இருக்க ஒப்புதல் பெற்றது போன்ற நிலை இது. 1791-இல் உருமேனியக் குருமாரும் கற்றோரும் பேரரசர் இலியோபோல்டிடம் விரிவானதொரு வேண்டுகை அளித்தனர். தம்மை நான்காம் இனமாக ஏற்றுக்கொள்ளுமாறு அதில் கேட்டனர். பேரரசர் அதனைத் திரான்சில்வேனிய மன்றத்திற்கே அனுப்பிவைத்தார். மன்றத்தில் இருந்தோர் அம்மூன்று இனத்தார். முடிவு யாதாக இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

பிராசோவு நகரின் அமைப்பே இந்நிலைக்கு ஓர் ஓவியம். மதில் சூழ்ந்த உள்நகர் சாக்சனியருடையது. உருமேனியர் குடியிருந்த பகுதி மதிலுக்கு வெளியே, மலைச்சரிவில் இருந்தது. ஆனால், மொழி வரலாற்றை நோக்கின், மதிலுக்கு வெளியே நின்ற அம்மொழிக்கு அந்நகரோடு இருந்த தொடர்பு வியப்பூட்டுவது. இன்று கிடைத்துள்ள உருமேனிய எழுத்துச் சான்றுகளுள் காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழையது, 1521-இல் மலைக்கு அப்பாலிருந்து நெயாக்சு என்னும் வணிகர் பிராசோவு நகரத் தலைவர்க்கு விடுத்த ஒரு மடல். துருக்கியர் படை தன்யூபு ஆற்றின் வழியே நகர்ந்து வருகிறது, விழிப்பாயிருங்கள் என்பது அதன் கருத்து. அம்மடலின் தொடக்கமும் முடிவும் அக்கால வழக்கப்படி சிலாவிய மொழியில் அமைந்தவை; செய்தி மட்டும் உருமேனியத்தில் உள்ளது. மதிப்புரைக்குப் பிறமொழி, உயிர் காக்கும் செய்திக்குத் தாய்மொழி! அம்மொழியின் மிகப் பழைய சான்றே ஒரு செய்தியாக இருப்பதும், அது சென்றடைந்த ஊர் பிராசோவாக இருப்பதும் எண்ணி மகிழத்தக்கன. பின்னர் 1559-இல் தொடங்கி, கோரெசி என்னும் அச்சுத்தொழிலர் இதே நகரில் உருமேனியச் சமயநூல்களை அச்சிட்டார். அந்நாளில் உருமேனியரின் கோயில்களில் ஒலித்தது சிலாவிய மொழி. வழிபடுவோர்க்கு விளங்காத மொழியே இறைவனுக்கு விளங்கும் என்று மக்களை நம்பவைத்திருந்தனர். இக்கொடுமை எந்த நாட்டிற்கும் தனியுடைமை அன்று போலும்!

இனி, இதழைத் தொடங்கியவரைப் பார்ப்போம். சியார்சு பாரிட்சியு 1812-இல் குளூசு நகர்க்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் சமயகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். உருமேனியரின் கல்விக் களமாகிய பிளாசு நகரிலும் குளூசிலும் பயின்றார். பிளாசில் இயற்பியல் கற்பித்தார். 1836-இல் பிராசோவுக்கு வந்தார். அந்நகர உருமேனிய வணிகர்கள் தம் பிள்ளைகளுக்கென நடத்திய பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கு அவர் கண்ட உருமேனிய வணிகர் கூட்டம் பிற ஊர்களில் இல்லாதது. மலைக்கு அப்பாலுள்ள வலாக்கியாவுடன் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்தது. கையில் பொருளும் நெஞ்சில் மான உணர்வும் உடையது. ஓர் இதழுக்கு இவ்விரண்டும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் இதழ் நடவாது. கியோத்துவின் அச்சகமோ ஏற்கெனவே செருமானிய மொழியில் ஓர் இதழை வெளியிட்டு வந்தது. உருமேனியரின் எழுத்து, சாக்சனியர் நகரில், செருமானியர் ஒருவரின் அச்சகத்திலிருந்து புறப்பட்டது இவ்வாறுதான். கியோத்து இதனை வருவாய் கருதிச் செய்தாரா, அன்பு கருதிச் செய்தாரா என்ற ஆராய்ச்சி வேண்டுவதில்லை. செய்தார், அது போதும்.

மலைக்கு அப்பால் 1829-இலேயே புக்கரெசுட்டிலும் இயாசியிலும் உருமேனிய இதழ்கள் தோன்றிவிட்டன. ஆனால், அங்கு உருமேனியர் தம் மன்னர்களின் கீழ் இருந்தனர். திரான்சில்வேனியாவிலோ ஒவ்வொரு தாளும் தணிக்கையாளரின் கண்ணுக்குத் தப்பியாக வேண்டும். 'உரிமை' என்று எழுத இயலாத இடத்தில் 'பள்ளிக்கூடம்' என்று எழுதினார் பாரிட்சியு. 'அடிமைத்தனம்' என்று எழுத இயலாத இடத்தில் உழவைப் பற்றி எழுதினார். வாணிகம், தொழில், பயிர்த்தொழில், வெளிநாட்டுச் செய்தி, கல்வி எனப் பல துறைகளும் அவ்விதழில் இடம்பெற்றன. ஊர்க் குருமாரும் பள்ளி ஆசிரியர்களும் வணிகரும் அதன் முதன்மைப் படிப்பாளராயினர். மலைக்கு அப்பால் வலாக்கியாவிலும் மோல்தாவியாவிலும்கூட அதற்குக் கட்டணம் கட்டிப் படிப்போர் இருந்தனர். மூன்று ஆட்சிகளுக்குள் சிதறிக் கிடந்தவர்கள் ஒரே கிழமையில் ஒரே செய்தியைத் தம் மொழியிற் படித்தனர். படைகளாலும் உடன்படிக்கைகளாலும் அவ்வளவு விரைவில் ஆகாத ஒற்றுமை அது.

அதே 1838-இல் இதழுக்கு ஓர் இணைப்பிதழும் தோன்றியது. அதன் பெயரைத் தமிழில் 'அறிவுக்கும் நெஞ்சுக்கும் இலக்கியத்துக்குமான தாள்' எனலாம். செய்தித்தாளில் சொல்ல முடியாதவற்றை அவ்விணைப்பிதழ் பாட்டாகவும் வரலாறாகவும் மொழியாராய்ச்சியாகவும் சொன்னது. திமொத்தெய் சிபாரியு, சிமியோன் பெர்னுட்சியு, பாவலர் ஆந்திரெய் முரெசானு ஆகியோரெல்லாம் இவ்விதழ்களின் வழியே மக்களை அடைந்தவர்கள்.

1842-இல் முதல் பெரும் இடி விழுந்தது. திரான்சில்வேனிய மன்றம் அங்கேரிய மொழியை ஆட்சிமொழியாக்கும் சட்டவரைவு ஒன்றை நிறைவேற்றியது. அலுவலகத்தோடு அது நிற்கவில்லை. பத்தாண்டுக்குள் உருமேனியரின் சமய அலுவல்களிலும் அவர்தம் பள்ளிகளிலும் அங்கேரிய மொழி புகவேண்டும் என்றது. பெர்னுட்சியு அதனை எதிர்த்துக் கனல் பறக்க ஒரு கட்டுரை வரைந்தார். தணிக்கை இருந்தமையால் அன்று அது அச்சேறவில்லை, கைப்படியாகவே பரவியது. அச்சில் வந்தது 1853-இல்தான், மேலே சொன்ன அவ்விணைப்பிதழில். பதினோர் ஆண்டு காத்திருந்தும் சூடு ஆறாத எழுத்து அது.

அக்காலத்தில் உருமேனியர்க்கு ஆதரவாக எழுந்த ஒரு குரலை ஈண்டுக் குறிப்பிடாமல் விடுதல் நன்றியன்று. சுதெபான் உலூதுவிக்கு உரோத்து என்னும் சாக்சனியக் குரு 1842-இல் மொழிப்போர் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இந்நாட்டிற்கென ஒரு பொதுமொழியைச் சட்டம் போட்டு உண்டாக்க வேண்டுவதில்லை, அஃது ஏற்கெனவே இருக்கிறது, அங்கேரியனும் சாக்சனியனும் வழியிலோ சந்தையிலோ சந்திக்கும்போது இருவரும் பேசிக்கொள்வது உருமேனியத்தில்தானே என்று அவர் கேட்டார். மன்றத்தில் இடமில்லாத மொழி சந்தையில் ஆட்சி செய்துகொண்டிருந்தது! உண்மையைச் சொன்ன அவரை 1849-இல், அங்கேரியப் புரட்சி ஆட்சியின் வழக்குமன்றம் குளூசு நகரில் சுட்டுக் கொன்றது. தன் விடுதலைக்காகப் போரிட்ட ஓர் இனம், தன் கீழிருந்த இனங்களின் விடுதலையைப் பொறாது போன வரலாற்றை அங்கேரியர் வாயிலாகவே உலகம் கற்றுக்கொண்டது.

1848-ஆம் ஆண்டைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் பேரரசு முழுவதும் தணிக்கை தளர்ந்தது. மே 15-ஆம் நாள் பிளாசு நகர்ப்புறத்துப் புல்வெளியில் ஏறத்தாழ 40,000 உருமேனியர் கூடினர். அவர்களுட் பெரும்பாலோர் உழவர். அப்பெருங்கூட்டத்தின் துணைத்தலைவர் இருவருள் ஒருவர் இதழாசிரியர் பாரிட்சியு; மற்றவர் பெர்னுட்சியு. உருமேனிய இனத்தைத் தன்னுரிமையுடைய இனமாக ஏற்க வேண்டும், அடிமை உழைப்பை ஒழிக்க வேண்டும், உருமேனியர் தொடர்பான எல்லாவற்றிலும் உருமேனிய மொழியே ஆளப்பட வேண்டும், அச்சுரிமை வேண்டும், எல்லா நிலைப் பள்ளிகளும் வேண்டும் என்று பதினாறு கோரிக்கைகள் வகுக்கப்பட்டன. கூடிய மக்களிற் பெரும்பாலோர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும், அக்கோரிக்கைகளுள் பலவற்றைப் பத்தாண்டுகளாக ஒவ்வொரு கிழமையும் அவர்களின் ஊர்க் குருமார் இதழிற் படித்திருந்தனர். அடுத்த திங்களிலேயே, அதாவது சூனில், முரெசானுவின் எழுச்சிப் பாட்டு அவ்விணைப்பிதழில் வெளிவந்தது. உறங்கும் இனத்தை எழுப்பும் அப்பாட்டு அந்நாளே வாய்க்கு வாய் பரவிற்று.

ஆனால், மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மே 30-இல் குளூசில் கூடிய மன்றம், உருமேனியரைக் கேளாமலே திரான்சில்வேனியாவை அங்கேரியோடு இணைத்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. 1849 மார்ச்சில் அங்கேரியப் புரட்சிப்படை பிராசோவுக்குள் நுழைய, பாரிட்சியு மலை கடந்து வலாக்கியாவிற்குத் தப்பினார். அங்கே உருசியப் படையினர் அவரைச் சிறைப்பிடித்தனர்! அங்கேரியர்க்குப் பகைவர், உருசியர்க்கு ஐயத்திற்குரியவர், ஆசுத்திரியர்க்கு வேண்டாதவர். புரட்சி அடங்கியபின் இதழ் மீண்டும் தலைதூக்கியது. 1850-இல் ஆட்சியாளர் அதனை நிறுத்தினர். பின்னர் ஒப்புதல் வந்தபோது, பாரிட்சியுவின் கையில் அது கொடுக்கப்படவில்லை. இத்தனைக்கும் ஆப்சுபர்க்குப் பேரரசருக்காகக் குருதி சிந்தியவர்கள் உருமேனியரே. பேரரசுகளின் நன்றி அத்தகையது.

இதழை இழந்த பாரிட்சியு ஓய்ந்தாரல்லர். காபிரியேல் முன்தெயானு என்பாருடன் சேர்ந்து செருமானிய-உருமேனிய அகரமுதலியை 1853, 1854-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பின்னாளில் அங்கேரிய-உருமேனிய அகரமுதலியும் தந்தார். பிராசோவுக்கு அருகில் செர்நெசுத்தி என்னும் ஊரில் தாள் ஆலையொன்று அமைவதற்கு உழைத்து, அதன் நடத்துநராகவும் இருந்தார். எழுத விடாவிட்டால் எழுதும் தாளைச் செய்வோம் என்று எண்ணினார் போலும்! 1861-இல் சிபியு நகரில் உருமேனிய இலக்கியத்திற்கும் பண்பாட்டிற்கும் என ஒரு பெருங்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளர் அவரே. முதுமையில் திரான்சில்வேனிய வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதி முடித்து, 1893-இல் மறைந்தார்.

இதழை ஏற்றவர் யாக்கோபு முரெசியானு. அவரும் பள்ளி ஆசிரியரே. 1850 முதல் 1877 வரை அவரும், 1878 முதல் அவர் மகன் ஆரெல் முரெசியானுவும் அதனை நடத்தினர். ஒரு குடும்பம் இரு தலைமுறையாக ஒரு மொழிக்கு ஊழியம் செய்த கதை இது. அவர்கள் வாழ்ந்த வீடு பிராசோவின் நகர்நடுவில் இன்று நினைவில்லமாக நிற்கிறது. இடையில் ஒளிக்கீற்று ஒன்றும் தோன்றிற்று. 1863, 1864-ஆம் ஆண்டுகளில் சிபியுவில் கூடிய மன்றம், உருமேனியரை ஏனையோர்க்கு ஒப்பான இனமாகவும், உருமேனியத்தை அங்கேரிய, செருமானிய மொழிகளுக்கு ஒப்பான மொழியாகவும் ஏற்றது. ஆனால், 1867-இல் பேரரசர் அங்கேரியரோடு ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்டார். திரான்சில்வேனியா அங்கேரிக்குள் கரைக்கப்பட்டது. அச்சட்டங்கள் குப்பைக்குப் போயின. அதுவரை சொந்த நாட்டில் பெரும்பான்மையராயிருந்தும் உரிமையற்றிருந்த உருமேனியர், இனி அங்கேரி நாட்டில் ஆறில் ஒரு பங்கினராகி, எண்ணிக்கையிலும் சிறுபான்மையராயினர்.

அதன்பின் வந்தவை பள்ளிச் சட்டங்கள். 1879-இல் தொடக்கப் பள்ளிகளில் அங்கேரிய மொழி கட்டாயமாயிற்று. 1891-இல் மழலைப் பள்ளிக்குள்ளும் அது புகுந்தது. 1907-இல் வந்த சட்டம் உருமேனியரின் சமயப் பள்ளிகளையே நெரித்தது. இவற்றை மறுத்து எழுதியோர் மேல் அச்சு வழக்குகள் தொடுக்கப்பட்டன. சிபியுவில் 1884-இல் தொடங்கிய 'திரிபுனா' நாளிதழின் ஆசிரியர் இயோவான் சிலாவிச்சி 1888-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்று வாட்சு நகரச் சிறையில் கிடந்தார். பேரரசர்க்கு வேண்டுகை விடுத்த குற்றத்திற்காக 1894-இல் குளூசில் உருமேனியத் தலைவர்கள் சிறைத்தண்டனை பெற்றனர். வேண்டுகை விடுப்பதும் குற்றம்! கசேத்தாவோ இவ்வளவுக்கும் நடுவே 1884-இல் நாளிதழாக வளர்ந்தது. ஒடுக்குமுறை மிக மிகக் கிழமைக்கு ஒருமுறை என்பது போதாதாயிற்று.

இங்கே ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். தூய்மை விரும்புவோர்க்கு அது மகிழ்ச்சியும் தரும், உறுத்தலும் தரும்.

உருமேனியம் இலத்தீன் வழிவந்த மொழி. ஆயினும் கோயில்மொழியாகிய சிலாவியத்தின் எழுத்திலேயே அது நூற்றாண்டுகளாக எழுதப்பட்டது. சிலாவியம், துருக்கியம், கிரேக்கம் ஆகியவற்றின் சொற்களும் அதிற் படிந்தன. பிளாசு நகரக் கற்றோர் இதனை முதலில் உணர்ந்தனர். 1780-இல் வியன்னாவில் சமுவில் மிக்குவும் கியோர்கே சிங்காயும் வெளியிட்ட இலக்கணம், உருமேனியத்தை இலத்தீன் எழுத்தில் எழுதிக் காட்டியது. 'நாட்டுப்புறத்தான் மொழி' என்று இகழப்பட்டது உரோமப் பேரரசின் மொழிக்குப் பேர்த்தி என்றறிந்தபோது ஓர் இனத்திற்கே முதுகு நிமிர்ந்தது. கசேத்தாவும் அதன் இணைப்பிதழும் பழைய எழுத்தில் தொடங்கி, இருவகை எழுத்துகளும் கலந்த இடைநிலை எழுத்துக்கு வந்து, படிப்படியே இலத்தீன் எழுத்தை அடைந்தன. ஒரே சொல்லில் இரண்டு எழுத்து மரபுகளும் தோளுரசி நின்ற அந்தப் பழைய தாள்களைக் காண்போர்க்கு, ஒரு மொழி தன் உடையை மாற்றிக்கொள்ளும் காட்சி கண்முன் தெரியும். படிப்போரைத் திகைக்க வைக்காமல், எழுத்துக்கு எழுத்தாகப் பழக்கி அழைத்துச் சென்ற இம்முறை மிகவும் போற்றத்தக்கது. 1860-களின் தொடக்கத்தில் மலைக்கு அப்பாலிருந்த அரசும் இலத்தீன் எழுத்தையே சட்டமாக்கியது.

எழுத்தில் வென்றவர்கள் சொல்லில் அளவு கடந்தனர். உருமேனியக் கல்விக்கழகத்தின் சார்பில் ஆகுசுது இலௌரியானும் இயோவான் மாசிமும் 1871 முதல் 1876 வரை ஒரு பேரகரமுதலியை வெளியிட்டனர். அயற்சொற்கள் எனக் கருதியவற்றை அதிலிருந்து பிரித்து, விலக்கத்தக்கன என்று தனித்தொகுதியாக வைத்தனர். நோக்கம் உயர்ந்தது, உழைப்பும் பெரிது. ஆனால், விலக்கிய இடத்தை நிரப்ப அவர்கள் உழவனின் வாயை நாடவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இலத்தீன் நூல்களை நாடினர். எழுத்துக்கூட்டலையோ, ஒலிக்கிறபடி அமைக்காது, இலத்தீனில் எவ்வாறு இருந்திருக்கும் என்று கருதி அமைத்தனர். வேர் தன்னுடையதுதான், ஆனால், மண் தன்னுடையதன்று. மக்கள் அம்மொழியைப் பேசவில்லை. அகரமுதலி அடுக்கிலேயே தங்கிற்று. அன்பு செலுத்துதலைக் குறிக்கும் 'இயுபி' என்பதும், நண்பனைக் குறிக்கும் 'பிரியெதென்' என்பதும் சிலாவிய வழிச் சொற்களே. அவை இன்றும் அம்மக்களின் நாவில் வாழ்கின்றன. அரசு, கல்வி, அறிவியல் ஆகிய துறைகளில் மட்டும் பழைய கலப்புச் சொற்கள் பெருமளவில் விலகின. அவ்விடத்தில் வந்தமர்ந்தவை பெரும்பாலும் பிரெஞ்சுச் சொற்கள். உறவினன் வீட்டுப் பொருளாயினும் கடன் கடன்தானே!

இதனினும் கூரிய ஓர் இடித்துரை 1868-இல் வந்தது. தித்து மயோரெசுகு, இயாசி நகரத்து இலக்கிய இதழில், ஆசுத்திரியப் பேரரசிலுள்ள உருமேனியச் செய்தித்தாள்களின் மொழிநடை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரும் தந்தை வழியில் திரான்சில்வேனியர். ஆதலின் பகைவர் பேச்சு என்று அதனைத் தள்ளிவிட இயலாது. இவ்விதழாளர்கள் செருமானிய மொழியில் நினைத்து, உருமேனியச் சொற்களால் எழுதுகின்றனர் என்று அவர் கடிந்தார். சொல்லெல்லாம் தம்முடையது, சொற்றொடர் செருமானியருடையது. எந்த அயன்மொழியின் ஆட்சியை எதிர்த்து ஒவ்வொரு நாளும் எழுதினார்களோ, அந்த ஆட்சி அவர்களின் எழுதுகோலுக்குள்ளேயே குடிபுகுந்திருந்தது! அயற்சொல்லைக் காண்பது எளிது. அது முகத்தில் வேற்றுமை காட்டும். அயல் தொடரமைப்போ உள்ளூர் உடை உடுத்து வரும். காவலர் வழிவிட்டு நிற்பர். மயோரெசுகு அரசியலில் வழுவழுத்தவர், திரான்சில்வேனியரின் துயரை எட்ட நின்று பார்த்தவர் என்ற குறை உண்டு. இருந்தாலும், அவர் சொன்னது மெய்.

அதனை ஏற்றுச் செயற்பட்டவர் சிலாவிச்சி. அவருடைய 'திரிபுனா', உழவரின் பேச்சு வழக்கையும் நாட்டுப்பாடலையும் நாட்டுக்கதையையும் செய்தித்தாளின் பக்கத்திற்குக் கொணர்ந்தது. ஒலிக்கிறபடி எழுதும் எளிய எழுத்துக்கூட்டலைக் கைக்கொண்டது. சியார்சு கொசுபுக்கு என்னும் இளம்பாவலர் அவ்விதழின் வழியே வளர்ந்தார். மூத்த இதழாகிய கசேத்தா தன் பழைய எழுத்துமுறையை எளிதில் விட்டுவிடவில்லை; முதியோரின் பிடிவாதம் அதனிடமும் இருந்தது. இரண்டு இதழ்களும் தம்முள் பூசலிட்டுக்கொண்டதும் உண்டு. அடிமைப்பட்ட இனத்தின் இதழ்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்போது வழக்குத் தொடுப்போர்க்கு வேலை எளிதாகிறது என்பதை மட்டும் சொல்லி அமையலாம். மிகுந்த தண்டங்களாலும் வழக்குகளாலும் நைந்த 'திரிபுனா' 1903-இல் நின்றது. கசேத்தா மட்டும் முதல் உலகப்போரில் உருமேனியப் படை பிராசோவுக்குள் வந்து பின்வாங்கிய 1916-ஆம் ஆண்டுவரை தளராது வந்து, போரின் நடுவில் தடைப்பட்டுப் பின் மீண்டது.

1918 திசம்பர் 1-ஆம் நாள் ஆல்பா இயூலியா நகரில் கூடிய உருமேனியர், திரான்சில்வேனியாவை உருமேனியாவுடன் இணைப்பதாகத் தீர்மானித்தனர். மதிலுக்கு வெளியே நின்ற மொழி ஆட்சிமொழியாயிற்று. அத்தீர்மானத்தில் ஓர் உயர்ந்த உறுதிமொழியும் இருந்தது. உடன் வாழும் ஒவ்வோர் இனமும் தன் மொழியிலேயே, தன் இனத்தவராலேயே கல்வி பெறும், ஆளப்படும், வழக்குத் தீர்க்கப்படும் என்பது அது. எண்பது ஆண்டுகளாகத் தாம் கேட்டு மறுக்கப்பட்டதை அங்கேரியர்க்கும் சாக்சனியர்க்கும் தருவதாகச் சொன்ன அந்தச் சொல், எந்த விடுதலை இயக்கத்திற்கும் பெருமை தரக்கூடியது. ஆனால், 1923-இல் வந்த அரசமைப்புச் சட்டத்தில் அது அவ்வாறே இடம்பெறவில்லை. பிராசோவின் அங்கேரிய இதழும் சாக்சனிய இதழும் இப்போது சிறுபான்மையரின் இதழ்களாயின. கசேத்தா பட்ட பாட்டில் ஒரு பங்கை அவையும் பட்டன. இதனைக் கூசாமல் எழுதும் உருமேனிய வரலாற்றாசிரியர்கள் உண்டு, அவர்கள் பாராட்டத்தக்கவர்கள்.

ஆட்சிமொழியின் இதழாகிவிட்ட கசேத்தாவுக்கு முன்போன்ற பணி இருக்கவில்லை. 1940-களின் இடைப்பகுதியில், பொதுவுடைமையரின் ஆட்சி வேர்விடும் காலத்தில், அது முடிவுற்றது. முரெசானுவின் பாட்டும் அவ்வாட்சியில் பல்லாண்டு தடையுற்றிருந்தது. எனினும் 1987 நவம்பர் 15-இல் பிராசோவின் ஆலைத் தொழிலாளர்கள் கூலிக்குறைப்பையும் பசியையும் எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது, அவர்கள் வாயில் எழுந்தது அப்பாட்டே. அவர்களுள் எத்தனை பேர்க்கு அது தம் நகரத்து இதழொன்றில் முதன்முதல் அச்சேறியது என்று தெரிந்திருக்கும்? 1990-இல் அதுவே உருமேனியாவின் நாட்டுப்பண் ஆயிற்று. பழைய இதழின் பெயரும் சர்வாதிகாரம் வீழ்ந்தபின் பிராசோவில் மீண்டும் ஒரு செய்தித்தாளின் தலைப்பில் ஏறியது.

எல்லைக்கோடுகள் யாரையும் முழுமையாகச் சேர்த்துவைப்பதில்லை. முதல் உலகப்போருக்குப் பின் பானாத்து என்னும் சமவெளி துண்டாடப்பட்டபோது, அங்கிருந்த உருமேனியருள் ஒரு பகுதியினர் செர்பியாவின் வோய்வோதினாப் பகுதியில் சிறுபான்மையராய் நின்றுவிட்டனர். பிராசோவில் 1838-இல் தொடங்கிய வேலை அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 1945 மே திங்களில் விர்சாத்சு நகரிலிருந்து 'இலிபெர்தாத்தெயா' என்னும் கிழமை இதழ் அவர்களுக்கென வெளிவந்தது. 'விடுதலை' என்பது அப்பெயரின் பொருள். பின்னர் அது பான்செவோ நகர்க்கு இடம்பெயர்ந்தது. 1947-இல் அதே விர்சாத்சில் 'இலுமினா' என்னும் உருமேனிய இலக்கிய இதழும் தோன்றியது. அதனைத் தொடங்கி நடத்தியவர், அருகிலிருந்த கிரெபெனாத்சு என்னும் ஊரில் பிறந்த வாசுகோ போபா என்னும் இளைஞர். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பாவலர்களுள் ஒருவராக உலகம் இன்று அவரை அறிந்திருக்கிறது. அவர் அப்புகழை ஈட்டியது செர்பிய மொழியில் எழுதிய பாக்களால்.